பத்திரத்தில் வரும் பணமும் வாய்க்காலில் போகாத தண்ணீரும்

திருநெல்வேலி மாநகராட்சியின் மாண்புமிகு மேயர் அவர்களுக்கும், மாமன்ற உறுப்பினர்களுக்கும், மாநகரை ஒட்டியுள்ள பாளையங்கோட்டை, மானூர் ஒன்றியங்களின் ஊராட்சி மன்றத்தினருக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

நான் பாளையங்கோட்டையில் ஆவண எழுத்தராகத் தொழில் செய்து வருகிறேன். கிரயம், தானம், பாகப்பிரிவினை என்று நாள்தோறும் பத்திரம் எழுதுகிறவன் என்பதால், சொத்து கைமாறும்போதும் வயல் மனையாகும்போதும் வசூலாகிற பணத்தைப் பற்றி நம் ஊரில் நடந்து வரும் வாக்குவாதத்தில் எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. மனைத்தொழில் செய்கிறவர்கள், பத்திரச் செலவும் மனைப்பிரிவுக் கட்டணங்களும் தாங்க முடியாத அளவுக்கு ஏறிவிட்டன, குறைத்தால்தான் வியாபாரம் நடக்கும் என்கிறார்கள். குடியிருப்போர் சங்கங்களில் பலர், புதிது புதிதாக முளைக்கிற மனைப்பிரிவுகளால்தான் சாலையும் சாக்கடையும் திணறுகின்றன, ஆகவே எல்லாக் கட்டணத்தையும் இன்னும் கூட்டி வாங்க வேண்டும் என்கிறார்கள். இரு தரப்பாருமே இரண்டு வேறு பணங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம். சொத்து ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போவதற்கு வாங்கப்படும் வரி ஒன்று. நிலத்தின் பயன்பாடு மாறுவதால் ஊருக்கு ஏற்படுகிற பாரத்துக்கு வாங்கப்படும் கட்டணம் மற்றொன்று. முதலாவதைக் கூட்டும் பேச்சே வேண்டாம். இரண்டாவதைக் குறைக்க வேண்டாம்; ஆனால் அது எந்த வாய்க்கால், எந்தக் குளத்தின் பரப்பில் வசூலிக்கப்பட்டதோ அங்கேயே செலவாக வேண்டும். அதற்கு மாமன்றமும் ஊராட்சிகளும் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலில் பத்திரச் செலவை எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அந்த ஏழில் ஐந்துதான் மாநில அரசின் தீர்வை. மீதி இரண்டு, சொத்து எந்த உள்ளாட்சியின் எல்லைக்குள் இருக்கிறதோ அந்த உள்ளாட்சிக்குச் சேர வேண்டிய சொத்து மாற்று வரி. ஊராட்சிக் கணக்குகளில் முத்திரைத்தீர்வை மிகுவரி என்ற பெயரிலும் இது வரும். எல்லாம் ஒரே தொகையாகக் கட்டப்படுவதால், அதில் ஒரு பங்கு தன் ஊராட்சிக்கோ மாநகராட்சிக்கோ போகிறது என்பது வாங்குகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. தெரியாத வரியைப் பற்றிக் கேள்வி கேட்க யாரும் வருவதில்லை என்பதால், அந்த வரி என்ன ஆயிற்று என்று உள்ளாட்சியும் விளக்கம் சொல்ல வேண்டிய நிலை வருவதில்லை.

கணக்குக்காக ஒரு மனையை வைத்துக்கொள்வோம். ஐந்து சென்ட், அதாவது 2,178 சதுர அடி; வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு குறித்து வைத்திருக்கிற மதிப்பு) சதுர அடிக்கு 500 ரூபாய் என்றால் மொத்த மதிப்பு 10,89,000 ரூபாய். இதற்கு முத்திரைத்தீர்வை 76,230 ரூபாய், பதிவுக் கட்டணம் 21,780 ரூபாய், ஆக 98,010 ரூபாய். இதில் உள்ளாட்சியின் பங்கு 21,780 ரூபாய். பெண்கள் பெயரில் பதிவாகும் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துகளுக்கு 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைக்கப்பட்டிருக்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் நான் சொன்ன மனை 89,000 ரூபாய் அதிகமாகிவிட்டதால் வீட்டுக்காரி பெயரில் வாங்கினாலும் அந்தச் சலுகை கிடைக்காது. இப்படிப்பட்ட மனையை வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்கள், செவிலியர்கள், வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவர்கள், சிறு கடை வைத்திருப்பவர்கள். நகையை வங்கியில் வைத்து, சீட்டை முன்னதாகவே எடுத்து, அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் பத்திரச் செலவு எவ்வளவு என்று என்னிடம் கேட்பார்கள். தொகையைச் சொன்னதும் கணவனும் மனைவியும் தனித்தனியாகக் கைபேசியில் கூட்டிப் பார்ப்பார்கள், இரண்டு பேருக்கும் ஒரே விடை வந்த பிறகு, “கொஞ்சம் குறைச்சுப் போட வழி இருக்கா, அண்ணாச்சி?” என்று கேட்பார்கள். வழிகாட்டி மதிப்புக்குக் கீழே போக வழியில்லை என்று சொல்வதும் எங்கள் தொழிலில் ஒரு பகுதி.

இந்த வழிகாட்டி மதிப்பைத் தீர்மானிப்பதில் உள்ளாட்சி மன்றங்களின் குரல் எடுபடுவதில்லை; ஆனால் அதன் ஏற்ற இறக்கம் உள்ளாட்சியின் வருமானத்தைத்தான் முதலில் தாக்குகிறது. 2017 ஜூன் 9ஆம் தேதி வழிகாட்டி மதிப்பு 33 சதவீதம் குறைக்கப்பட்டு, அதோடு பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்த்தப்பட்டது நினைவிருக்கலாம். மக்களுக்குச் செய்த சலுகையாகவே அது அப்போது பேசப்பட்டது. அதே ஐந்து சென்ட் மனையைக் கொண்டு அந்த மாற்றத்தைப் பாருங்கள். குறைப்புக்கு முன் 10,89,000 ரூபாய் மதிப்பில் மாநில அரசுக்குத் தீர்வை ஐந்தும் பதிவுக் கட்டணம் ஒன்றுமாக ஆறு சதவீதம், அதாவது 65,340 ரூபாய் போயிருக்கும். குறைப்புக்குப் பின் மதிப்பு 7,29,630 ரூபாய். மாநிலத்துக்கு ஐந்தும் நான்குமாக ஒன்பது சதவீதம், 65,667 ரூபாய். மாநிலத்தின் பங்கு குறையவே இல்லை, சில நூறு ரூபாய் கூடியிருக்கிறது. வாங்குகிறவரின் மொத்தச் செலவு 87,120 ரூபாயிலிருந்து ஏறத்தாழ 80,259 ரூபாயாக இறங்கியது. உள்ளாட்சியின் இரண்டு சதவீதமோ 21,780 ரூபாயிலிருந்து ஏறத்தாழ 14,593 ரூபாயாகச் சுருங்கியது. வாங்கியவருக்குக் கிடைத்த சலுகை முழுவதும் ஊராட்சியின், நகராட்சியின், மாநகராட்சியின் மடியிலிருந்துதான் போயிருக்கிறது. ஒரு பத்திரத்துக்கு ஏழாயிரம் ரூபாய் என்றால் ஆண்டு முழுவதும் பதிவாகிற பத்திரங்களுக்கு எவ்வளவு என்று எந்த மாமன்றமாவது அப்போது கேட்டதா என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பு 2017க்கு முந்தைய நிலைக்கே திரும்பியது. பதிவுக் கட்டணம் 2 சதவீதமாகக் குறைந்தது. உரிய நடைமுறையைப் பின்பற்றவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த மதிப்பு மாற்றத்தைச் செல்லாததாக்கிய பிறகு, 2024 ஜூலையில் மறுபடியும் திருத்தப்பட்ட மதிப்புகள் வந்தன. இந்த ஏற்ற இறக்கங்களுக்கு மேல், பத்திரப்பதிவே படுத்துவிடுகிற காலங்களும் உண்டு. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை விதித்ததும், அடுத்த இரண்டு மாதத்தில் பணமதிப்பு நீக்கம் வந்ததும், 2020இல் ஊரடங்கு வந்ததும் எங்கள் தொழிலில் இருக்கிற யாரும் மறக்கக் கூடியவை அல்ல. மேசையில் எழுத ஒரு பத்திரமும் இல்லாத அந்த வாரங்களில் உள்ளாட்சியின் இரண்டு சதவீதமும் வரவில்லை. தெருவிளக்குக்கும் துப்புரவுப் பணியாளர் ஊதியத்துக்கும் இந்த வரியை நம்பி இருப்பது சரியல்ல என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

சொத்து மாற்று வரியைக் கூட்டச் சொல்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குடும்பத்தாருக்குள் எழுதப்படும் தானசெட்டில்மெண்டுக்கு முத்திரைத்தீர்வையில் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்தில் 10,000 ரூபாய் என்று உச்சவரம்பு இருக்கிறது. பத்துக் கோடி ரூபாய்ச் சொத்தைத் தகப்பனார் மகனுக்கு எழுதிக் கொடுத்தாலும் ஐம்பதாயிரத்தோடு முடிந்துவிடும். ஐந்து சென்ட் மனையை முதன்முதலாக வாங்குகிற ஆசிரியர் ஏறத்தாழ ஒரு லட்சம் கட்டுகிறார். குடும்பத்தாருக்கான சலுகையை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதை எடுத்தால் பாகம் பிரியாமல் கிடக்கிற சொத்துகளும் அதனால் வரும் வழக்குகளும்தான் பெருகும். அதேபோல, வயலை மனையாக மாற்றுகிறவர் அதைத் தன் பெயரில் கிரயம் வாங்கியாக வேண்டும் என்பதில்லை. விவசாயியிடம் பொது அதிகாரம் (அவர் சார்பில் விற்பதற்கான அதிகார ஆவணம்) எழுதி வாங்கிக்கொண்டு, மனையாகப் பிரித்து, நேரே வாங்குகிறவர்களுக்கு எழுதிக் கொடுப்பது சட்டத்துக்கு உட்பட்ட, பழக்கப்பட்ட வழி. குடும்பத்தார் அல்லாதவருக்கு எழுதும் அதிகார ஆவணத்துக்கு 2023 ஜூலை முதல் மதிப்பில் ஒரு சதவீதம் பதிவுக் கட்டணம் வந்திருக்கிறது. அது மாநிலத்தின் கணக்குக்குப் போகிறது, உள்ளாட்சிக்கு அந்தக் கட்டத்தில் ஒன்றும் வருவதில்லை. ஆக, நிலத்தை மாற்றுகிறவரைத் தொடாமல் அதில் குடியிருக்க வருகிறவரைத் தொடுகிற வரி இது. இதைக் கூட்டினால் மனைப்பிரிவுகள் குறையப் போவதில்லை. வேலைமாற்றலில் பேட்டையிலிருந்து கே.டி.சி. நகருக்கு வீடு மாற நினைக்கிறவர்தான் தயங்கி நிற்பார்.

அடுத்தது கட்டணங்கள். 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி வளர்ச்சிக் கட்டணம் நெடுநாளாக இருந்து வருகிறது. 2007இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, 2008 விதிகளின் மூலம் உட்கட்டமைப்பு, அடிப்படை வசதிகளுக்கான கட்டணம் தனியாக வந்தது. இவற்றோடு, 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் சாலை நீங்கலான பரப்பில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு உட்பட்டிருந்தால் நிலத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டவும் வழி உண்டு. சாலைகளும் பூங்கா இடமும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்கப்படுகின்றன. அப்படிப்பட்ட தானப் பத்திரங்களை நானும் எழுதியிருக்கிறேன். எழுதி முடித்த நாளிலிருந்து அந்தச் சாலையின் குழியும், அந்த வடிகாலின் அடைப்பும், அந்தப் பூங்காவில் மண்டுகிற சீமைக் கருவேலமும் உள்ளாட்சியின் பொறுப்பு. இதையெல்லாம் பார்க்கும்போது, மனைத்தொழிலார் சொல்வது போல் கட்டணங்கள் அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை. பொறுப்பு ஓரிடத்துக்கும் பணம் வேறிடத்துக்கும் போகிறது என்பதுதான் என் குறை.

பாரம் என்று நான் சொல்வது என்ன என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். சுத்தமல்லி அணையிலிருந்து பிரியும் நெல்லைக் கால்வாய், அரியநாயகிபுரம் அணையின் கோடகன் கால்வாய், பழவூர் அணையின் பாளையங்கால்வாய் ஆகிய மூன்றின் பாசனப் பரப்பின் மேல்தான் நம் நகரம் வளர்ந்திருக்கிறது. கார், பிசானம் என்று இரண்டு பருவமும் நெல் விளைந்த வயல்கள், மேட்டிலிருந்து வரும் மழைநீரை வாங்கித் தேக்கி, அடுத்த வயலுக்கு வரப்பு வழியே கடத்தி, கடைசியில் ஒரு குளத்திலோ ஓடையிலோ சேர்த்துக்கொண்டிருந்தன. பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் இருந்த அப்படியொரு வயல்வெளி மனைப்பிரிவானதை நான் அருகில் இருந்து பார்த்தேன். இடத்தின் பெயர் வேண்டாம். வயலாக இருந்தபோது அதன் வடமேற்கு மூலையில் மடை ஒன்றும் தென்கிழக்கு மூலையில் வடிவாய்க்கால் ஒன்றும் இருந்தன. புலப்படத்தில் இரண்டும் ஒழுங்காகக் காட்டப்பட்டிருக்கின்றன. மனைப்பிரிவுக்காக நிலம் இரண்டடிக்கு மேல் கிராவல் போட்டு உயர்த்தப்பட்டது. முப்பது அடிச் சாலையின் இருபுறமும் ஒன்றரை அடி அகலத்தில் கான்கிரீட் வடிகால் கட்டப்பட்டது. அந்த வடிகால், சர்வே எண் முடிகிற இடத்தில், பக்கத்து வயலின் வரப்பில் முட்டி நிற்கிறது. அதற்கு அப்பால் தண்ணீர் எங்கே போக வேண்டும் என்பதற்கு ஒரு கோடு கூட அனுமதி வரைபடத்தில் இல்லை. மனைப்பிரிவை வரைந்தவரின் வேலை அவருடைய சர்வே எண்ணோடு முடிந்துவிட்டது. பக்கத்து வயல்காரர் அடுத்த ஆண்டு பிசானம் வைக்கவில்லை. அதற்கடுத்த ஆண்டு அவரும் மனை போட்டார், அவரும் இரண்டடி உயர்த்தினார். இப்போது முதல் மனைப்பிரிவின் கடைசி வரிசை வீடுகளில், மழை பெய்தால் வாசற்படிக்கு மேல் தண்ணீர் நிற்கிறது. அந்த வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவரும் பத்திரத்துக்குக் கட்டியிருக்கிறார்கள், கட்டட அனுமதிக்குக் கட்டியிருக்கிறார்கள், ஆண்டுதோறும் வரியும் கட்டுகிறார்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழையை உதாரணமாக இழுக்க எனக்கு விருப்பமில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்த மழைக்கும், சந்திப்பிலும் வண்ணார்பேட்டையிலும் கொக்கிரகுளத்திலும் புகுந்த ஆற்று வெள்ளத்துக்கும் மனைப்பிரிவுகளைக் குற்றம் சொல்வது நேர்மையாகாது. நான் சொல்வது ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற சாதாரண மழையைப் பற்றியது. அந்தத் தண்ணீருக்கு வழி செய்வதற்குத்தான் கட்டணம் என்று ஒன்று வாங்குகிறோம்.

வாங்குகிற அந்தப் பணம் எங்கே போகிறது? உட்கட்டமைப்பு, அடிப்படை வசதிகளுக்கான கட்டணம் மாநில அளவிலான ஒரு நிதியத்தில் சேர்கிறது. உள்ளாட்சி ஒரு திட்டம் தயாரித்து அனுப்பி, மாநிலக் குழு இசைந்தால் அதிலிருந்து பணம் கிடைக்கும். பெரிய நகரங்களுக்கு இது வசதி. ஆலோசகரை வைத்து நூறு பக்கத்துக்குத் திட்ட அறிக்கை தயாரித்து அனுப்ப அவற்றால் முடியும். எழுத்தர் ஒருவரும் கணினி ஒன்றும் உள்ள ஊராட்சி, தன் எல்லையில் வசூலான தொகை எவ்வளவு என்பதே தெரியாமல், எதைக் கேட்டு விண்ணப்பிக்கும்? நம் கோரிக்கை இங்கேதான் குவிய வேண்டும்.

வரியும் கட்டணமும் ஒன்றல்ல என்பதை நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் 1954லேயே, அன்றைய சென்னை மாகாணத்து அறநிலையச் சட்டத்தைப் பற்றிய சிரூர் மடம் வழக்கில், தெளிவாகச் சொல்லிவிட்டது: கட்டணம் என்று வாங்கினால் கட்டுகிறவருக்கு அதற்கீடான சேவை இருக்க வேண்டும், அந்தப் பணம் பொது வருவாயில் கரைந்துவிடக் கூடாது. பிற்காலத் தீர்ப்புகள் இந்த அளவுகோலைத் தளர்த்தியிருக்கின்றன என்பதும் உண்மை. ரூபாய்க்கு ரூபாய் ஈடு இருக்க வேண்டும் என்று இப்போது யாரும் வழக்காட முடியாது. ஆனாலும் தொடர்பே இல்லாமல் வாங்கலாம் என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. இதே தகராறு மற்ற நாடுகளிலும் நடக்கிறது. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் எல் டொராடோ கவுண்டியில், தன் நிலத்தில் ஒரு சிறு வீடு வைக்க அனுமதி கேட்டவரிடம் சாலைப் போக்குவரத்துக் கட்டணமாக 23,000 டாலருக்கு மேல் வாங்கினார்கள். அவர் ஒருவரின் வீட்டால் சாலைக்கு அவ்வளவு பாரமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. சட்டமன்றமே விதித்த கட்டணமானாலும், பாரத்துக்கும் தொகைக்கும் பொருத்தம் இருக்கிறதா என்ற சோதனையிலிருந்து அதற்கு விலக்கு இல்லை என்று 2024 ஏப்ரலில் அந்த நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. அங்குள்ள சட்டம் நமக்குச் செல்லாது. ஆனால் பாட்டனார் காலத்து வீட்டை இடித்து இரண்டு சென்ட்டில் கட்டுகிறவரையும், இருபது ஏக்கர் நன்செய்யை மனையாக்குகிறவரையும் சதுர அடிக் கணக்கில் ஒரே தராசில் நிறுப்பது பொருத்தமா என்று கேட்பதற்கு நமக்கு அமெரிக்கத் தீர்ப்பு தேவையில்லை. முன்னவர் வருவதற்கு முன்பே அந்தத் தெருவில் வடிகால் இருந்தது, அவர் வீட்டுத் தண்ணீரும் அதில்தான் போய்க்கொண்டிருந்தது.

2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. அலையவிடாத ஏற்பாடு என்பதால் நான் அதை வரவேற்கிறேன். ஆனால் அங்கும் பல தலைப்புகளில் உள்ள கட்டணங்கள் சேர்ந்து சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகிவிட்டன. எதற்கு எவ்வளவு கொடுத்தோம் என்பது கட்டினவருக்குத் தெரிவதில்லை. எந்தத் தலைப்பில் எவ்வளவு வந்தது என்று கேட்டால் மாமன்ற உறுப்பினராலும் உடனே சொல்ல முடியாது.

கட்டணத்தைக் கூட்டினால் அது மனை வாங்குகிறவர் தலையில்தானே விடியும் என்று மனைத்தொழிலார் சொல்வதில் பாதி உண்மை உண்டு. நிலத்தை வாங்கிப் போட்ட பிறகு திடீரென்று கட்டணம் ஏறினால், அது சதுர அடி விலையில் ஏறத்தான் செய்யும். ஆனால் இன்னும் மூன்று ஆண்டுகளுக்கு இந்தக் கிராமத்தில், இந்தக் கால்வாய்ப் பரப்பில், ஏக்கருக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால், வயலுக்கு விலை பேசும்போதே அதைக் கழித்துக்கொண்டுதான் பேசுவார்கள். அப்போது அந்தப் பாரத்தில் பெரும்பங்கு, விளைநிலத்தை மனைநிலமாக விற்பதால் கிடைக்கிற மிகை லாபத்திலிருந்து வரும். அந்த லாபத்தில் விவசாயிக்கு எவ்வளவு, தரகருக்கு எவ்வளவு, மனை போடுகிறவருக்கு எவ்வளவு என்பது இந்தத் தொழிலில் இருக்கிற நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், எழுத வேண்டியதில்லை. தாழையூத்திலிருந்து கொங்கந்தான்பாறை வரை மேற்குப் புறவழிச்சாலை வரப்போகிற இந்த நேரத்தில், இப்படி முன்னறிவிப்புச் செய்வதற்கு இனியும் காலம் தாழ்த்தக் கூடாது. சாலை வரும் என்ற பேச்சுக்கே அந்தப் பக்கத்து நிலங்களுக்கு விலை கேட்டு ஆட்கள் வருகிறார்கள்.

ஊராட்சி மன்றத்தினருக்குத் தனியே ஒரு வார்த்தை. மாநகராட்சி எல்லைக்குள் கட்டணம் அதிகம், ஊராட்சியில் குறைவு என்பதால்தான் ரெட்டியார்பட்டி, கீழநத்தம், முன்னீர்பள்ளம் பக்கங்களில் மனைகள் பெருகுகின்றன என்று சொல்லிக்கொள்கிறோம். நிலம் மலிவு என்பதும் ஒரு காரணம். எதுவானாலும், உங்கள் எல்லையில் மனை வருவதை உங்கள் ஊராட்சியின் வருமானமாகப் பார்த்து, கட்டணத்தைக் குறைத்துக் கேட்கும் போட்டியில் இறங்கினால், பத்து ஆண்டுகளில் அந்தப் பகுதி மாநகராட்சியோடு சேர்க்கப்படும்போது, கட்டப்படாத வடிகாலையும் போடப்படாத குடிநீர்க் குழாயையும் எல்லோருமாகச் சேர்ந்து சுமப்போம். மகாராஜ நகர், தியாகராஜ நகர், என்.ஜி.ஓ. காலனிவாசிகள் இதைப் படித்தால் கோபித்துக்கொள்ளக் கூடாது: உங்கள் மனைகள் போடப்பட்ட காலத்தில் 2008ஆம் ஆண்டின் கட்டணம் கிடையாது, உங்கள் தெருக்களுக்கு வந்த வசதிகள் ஊரார் எல்லோருடைய பணத்திலும் வந்தவை. புதிதாக வருகிறவரிடம் மட்டும் எல்லாவற்றையும் வாங்கிவிட வேண்டும் என்ற வாதத்தை இந்த நினைவோடு முன்வைப்பது நல்லது.

மாமன்றத்தால் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். கட்டண விகிதம், வழிகாட்டி மதிப்பு, நிதியம் எல்லாமே மாநில அரசின் கையில் இருப்பவை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் கணக்கை வெளியிட யாருடைய அனுமதியும் வேண்டாம். சொத்து மாற்று வரியாக மாநகராட்சிக்கு வந்த தொகையைக் காலாண்டுதோறும் பதிவுத்துறையிடமிருந்து வருவாய்க் கிராம வாரியாகக் கேட்டுப் பெற்று, மாநகராட்சி இணையதளத்திலும் மண்டல அலுவலகங்களின் அறிவிப்புப் பலகையிலும் போடலாம். பத்திரம் ஒவ்வொன்றிலும் கிராமமும் சர்வே எண்ணும் இருப்பதால் பிரித்தெடுப்பது கடினமான வேலை இல்லை. திறந்தவெளிக்குப் பதிலாக வாங்கிய பணம் எவ்வளவு, அதைக் கொண்டு எந்த இடத்தில் என்ன வாங்கினோம் அல்லது கட்டினோம் என்பதற்கும் இதேபோல் ஒரு பட்டியல் வேண்டும்.

கட்டணப் பணத்துக்கு வார்டு வாரியான கணக்கு உதவாது, ஏனென்றால் வார்டின் எல்லையை வரைந்தவர்கள் நீரோட்டத்தைப் பார்த்து வரையவில்லை. தாமிரபரணியின் வடகரையில் நெல்லைக் கால்வாய், கோடகன் கால்வாய்ப் பரப்புக்கு ஒரு கணக்கு. தென்கரையில் பாளையங்கால்வாய்ப் பரப்புக்கு ஒரு கணக்கு. அதற்குத் தெற்கேயும் கிழக்கேயும் உள்ள மானாவாரிக் குளங்களின் பரப்புக்கு, வேய்ந்தான்குளத்தையும் சேர்த்து, ஒரு கணக்கு. இந்த மூன்றே போதும். ஒரு பரப்பில் வசூலானது அதே பரப்பின் வடிகாலுக்கும், வாய்க்காலுக்கும், குளத்தின் உபரி நீர் வெளியேறும் மறுகாலுக்கும், கழிவுநீர் அங்கே கலக்காமல் தடுப்பதற்கும் மட்டுமே செலவாக வேண்டும். கால்வாய்கள் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருப்பதால் அந்தத் துறையிடம் பணத்தைக் கட்டி, வைப்புப் பணியாக அவர்களைக் கொண்டே செய்துகொள்ளலாம். தாமிரபரணியில் சாக்கடை கலப்பதைப் பார்க்க 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகளே நேரில் வந்து போன பிறகும், பணம் இல்லை என்ற பதிலை நாம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. பணம் இந்த ஊரிலிருந்து போயிருக்கிறது. எவ்வளவு போனது என்ற கணக்குத்தான் நம் கையில் இல்லை.

ஆகவே, வரும் வரவு செலவுத் திட்டக் கூட்டத்துக்கு முன்பே மாமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டுகிறேன். திருநெல்வேலி மாநகராட்சியிலும் அதை ஒட்டிய ஊராட்சிகளிலும் 2008 முதல் வசூலான உட்கட்டமைப்பு, அடிப்படை வசதிக் கட்டணத்தின் முழுக் கணக்கை மாநில அரசு வெளியிட வேண்டும். இனி வசூலாவதில் குறைந்தது பாதி, திட்ட அறிக்கைக்காகக் காத்திராமல் நேரே இங்கே திரும்ப வேண்டும். வழிகாட்டி மதிப்போ பதிவுக் கட்டணமோ மாற்றப்பட்டால் உள்ளாட்சியின் இரண்டு சதவீதத்தில் ஏற்படும் இழப்பை மாநிலம் ஈடுகட்ட வேண்டும். சொந்தக் குடியிருப்புக்காகப் பழைய மனையில் கட்டுகிறவருக்குக் கட்டணம் தனி விகிதத்தில் இருக்க வேண்டும். நன்செய்யை மனையாக்குவோருக்கான விகிதம் மூன்று ஆண்டுகளுக்கு முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். இதே தீர்மானத்தை ஊராட்சிகள் கிராமசபையில் நிறைவேற்றி அனுப்பலாம். மாநில நிதி ஆணையத்தின் முன் வைக்கவும் இது பயன்படும். இரண்டு சதவீதத்தை மூன்றாக்கக் கேட்கும் தீர்மானம் எதுவும் வந்தால், அதை எதிர்த்து வாக்களிக்கும்படியும் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கிராம வாரியாகவும் சர்வே எண் வாரியாகவும் பத்திரக் கணக்கை எப்படிப் பிரிப்பது, எந்தச் சர்வே எண் எந்தக் கால்வாயின் பரப்பில் வருகிறது என்பதைப் கிராம நிலங்களின் விவரம் உள்ள பழைய அ-பதிவேட்டோடு ஒப்பிட்டுக் காட்ட, எங்கள் தொழிலில் இருக்கும் மூத்தவர்கள் சிலர் ஊதியம் எதிர்பாராமல் வரத் தயாராக இருக்கிறார்கள். ஒரு மண்டலத்தில் தொடங்கிப் பார்ப்பதென்றால், பாளையங்கோட்டை மண்டலத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் யோசனை.

இப்படிக்கு,
ஓர் ஆவண எழுத்தர்,
பாளையங்கோட்டை.